எந்த கேமுக்கும் 8 தான் விழுகுதுங்க: கன்சோல் கேம் விமர்சனத்துக்கு மார்க் போடறது எப்படி?

பொள்ளாச்சி_பேடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க மூணு பேரு சேர்ந்து தமிழ்ல கன்சோல் கேம் விமர்சனம் எழுதறோம். கைவசம் ஒரு பிஎஸ்5 (சோனியோட பிளேஸ்டேஷன் 5), ஒரு ஸ்விட்ச் (நின்டெண்டோவோடது). கிராஃபிக்ஸ், சவுண்டு, கதை, கண்ட்ரோல்னு நாலு தலைப்பு வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் 10க்கு மார்க் போட்டு, கூட்டி நாலால வகுக்கறோம். எந்த கேம் வந்தாலும் 7.5க்கும் 8.5க்கும் நடுவுலயே வந்து உக்காந்துக்குது. படிக்கறவங்க "அதெல்லாம் சரி, வாங்கலாமா வேண்டாமா"ன்னு கேக்கறாங்க. 5,000 ரூபா போடறவங்க கேக்கறது நியாயந்தானுங்களே.

பெரிய பத்திரிகைக்காரங்க மார்க்கை எப்படி முடிவு பண்றாங்க? எத்தனை மணி நேரம் ஆடினா எழுதலாம்? ஆடறப்ப என்னென்ன குறிச்சு வெக்கோணும்? ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் வருதுங்கறதை) வீட்ல வெச்சே அளக்க முடியுமா? விவரம் தெரிஞ்ச அண்ணமாரு, அக்காமாரு சித்த சொல்லுங்க.

கோவை_60ஃபிரேம்:

தம்பி, மார்க்கை ஓரமா வெச்சுப்போட்டு மொதல்ல நோட்டுக்கு வாங்க. எந்த நிலைமையில ஆடினோம்ங்கறது எழுதாத விமர்சனத்துல 8 இருந்தா என்ன, 3 இருந்தா என்ன, இரண்டும் ஒண்ணுதான்.

கேமைத் திறக்கறதுக்கு முன்னாடியே எழுத வேண்டியது: எந்த கன்சோல், அதோட சிஸ்டம் மென்பொருள் எந்தப் பதிப்பு, கேம் எந்தப் பதிப்பு. பிஎஸ்5ல முகப்புத் திரையில கேம் மேல நின்னு ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தினா தகவல் பக்கத்துல பதிப்பு எண் இருக்கும். வெளியீட்டு நாள் பேட்ச் (குறையைச் சரி பண்ற அப்டேட்) போட்டு ஆடினதா, போடாம ஆடினதா? படத் தெளிவுக்கான குவாலிட்டி மோடா, வேகத்துக்கான பெர்ஃபார்மன்ஸ் மோடா? எந்தக் கடின நிலை? டிவி எத்தனை ஹெர்ட்ஸ், விஆர்ஆர் (கேமோட ஃபிரேம் வேகத்துக்கு ஏத்தாப்பல டிவி தன் வேகத்தை மாத்திக்கற வசதி) இருக்குதா? இதையெல்லாம் அப்புறம் ஞாபகத்துல இருந்து எழுதலாம்னா நடக்காதுங்க. பேட்ச் ராத்திரியோட ராத்திரியா தானா இறங்கிப்போடும். காலையில எந்தப் பதிப்புல எந்த பக்கை (கோளாறை) பாத்தோம்னே தெரியாது. பரிசோதனை முடியற வரைக்கும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வெச்சிருங்க. புதுசு வந்தா நோட்டுல கோடு போட்டுப்போட்டு அப்புறம் ஏத்துங்க.

ஆட உக்கார்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி போதும். தேதி, கேம் காட்டற மொத்த மணி நேரம், எந்தக் கட்டம், என்ன நடந்துச்சு. "சலிப்பு" தட்டின இடத்தை அப்பவே குறிங்க. முடிவுக் காட்சி நல்லா இருந்தா, நடுவுல 6 மணி நேரம் இழுத்ததை மனசு மறந்துரும். நெம்பப் பேரோட விமர்சனத்துல மார்க் ஏறிப்போறது இங்கதான்.

எத்தனை மணி நேரம்னு கேட்டீங்க. 8 முதல் 15 மணி நேரக் கதை கேம்னா முடிச்சே ஆகோணும், பேச்சே இல்லை. 60, 80 மணி நேரத் திறந்தவெளி கேம்னா முக்கியக் கதை முடியற வரைக்கும், கூட ஒவ்வொரு வகை துணைப் பணியிலயும் ரெண்டு மூணு. முடிக்கலைன்னா "இத்தனை மணி நேரம் ஆடினேன், கதை முடியலை"ன்னு மேலயே எழுதிருங்க. கார் பந்தயம், சண்டை, ஃபுட்பால் கேமுக்கெல்லாம் முடிவுன்னு ஒண்ணு கிடையாது. அங்க எல்லா மோடையும் தொட்டிருக்கோணும், ஆன்லைன்லயும் ஆடியிருக்கோணும்.

ஆன்லைன் கேமை வெளியீட்டுக்கு முன்னாடி மார்க் போட்டு முடிக்கவே முடிக்காதீங்க. விமர்சகர்களுக்குத் திறந்து விடற சர்வர்ல கூட்டமே இருக்காது, எல்லாம் வழுக்கிட்டு ஓடும். 2013 மார்ச்சுல வந்த சிம்சிட்டி, அது பிசி கேம்தான், ஆனா பாடம் எல்லாருக்கும் பொது. பாலிகான் தளம் மொதல்ல 9.5 குடுத்துச்சு. மக்கள் வாங்கி உள்ள வந்ததும் சர்வர் படுத்துருச்சு. மார்க் 8 ஆச்சு, 4 ஆச்சு, கடைசியில 6.5ல நின்னுச்சு. இந்தக் கெரகமே வேண்டாம்னுதான் இப்ப பல தளங்கள் "விமர்சனம் நடந்துகொண்டிருக்கிறது"ன்னு எண்ணில்லாத கட்டுரையை மொதல்ல போட்டுப்போட்டு, நெசமான சர்வர்ல ஆடின பொறகு மார்க் போடறாங்க.

இப்ப ஃபிரேம். 30 ஃபிரேம்னா ஒரு படம் 33.3 மில்லி நொடி திரையில நிக்கோணும், 60னா 16.7. சராசரி எண்ணை விட முக்கியம் சீரா வருதாங்கறது. 60 ஃபிரேம்ல பதிவு பண்ற ஒரு கேப்சர் கார்டு இருந்தா போதுங்க. பிஎஸ்5 அமைப்புல சிஸ்டம், அதுல ஹெச்டிஎம்ஐ, அதுல ஹெச்டிசிபியை (படத்தை நகல் எடுக்க விடாத பூட்டு) அணைக்கோணும், இல்லாட்டி கறுப்புத் திரைதான் பதிவாகும். அணைச்சிருக்கற வரைக்கும் சினிமா பாக்கற செயலிகள் ஓடாது, வீட்ல சத்தம் வந்தா மறுபடி போட்டு விடுங்க. விஆர்ஆரையும் அணைச்சிருங்க, அது 48 ஃபிரேமுக்கு மேல வர்ற தடுமாற்றத்தை மறைச்சுப்போடும், படிக்கறவங்கள்ல பாதிப் பேரு டிவியில அது இருக்காது.

பதிவை விஎல்சி பிளேயர்ல போட்டு இ எழுத்தை அழுத்தினா ஒவ்வொரு படமா நகரும். 10 நொடி எடுத்துக்கோங்க, அது 600 படம். 60 ஃபிரேம் மோடுல முந்தின படமே திரும்பி வந்தா அது விட்டுப்போன ஃபிரேம். 48 தடவை திரும்பி வந்துச்சுன்னா 552 படம், அதாவது நொடிக்கு 55.2. 30 ஃபிரேம் கேம்னா ஒவ்வொரு படமும் சரியா ரெண்டு தடவை வரோணும். ஒண்ணு ஒரு தடவை, அடுத்தது மூணு தடவைன்னு வந்தா சராசரி 30 தான் காட்டும், கண்ணுக்குத் திக்குத் திக்குன்னு இருக்கும். எண்ணற 10 நொடியும் கேமராவைச் சுத்திக்கிட்டே இருக்கோணும். சும்மா நின்னா எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும், கணக்குத் தப்பிரும். 120 ஃபிரேம் மோடை இந்த வழியில அளக்க முடியாது.

எங்க அளக்கறதுங்கறதும் உண்டு. முதல் கட்டத்துல அளந்துப்போட்டு "60ல ஓடுது"ன்னு எழுதாதீங்க, அங்கதான் அவங்க எச்சா மெனக்கெட்டிருப்பாங்க. கூட்டமான நகரம், மழை, புகை, வெடி, வேகமா குதிரையில போறப்ப, இந்த இடங்கள்ல பாருங்க. ரெஸ்ட் மோடுல போட்டுப் போட்டு ரெண்டு மூணு நாள் ஆடின பொறகும் ஒருக்கா, அப்புறம் கேமை முழுசா மூடித் திறந்துப்போட்டு ஒருக்கா அளங்க. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் தெரிஞ்சா நினைவகம் கசியுதுன்னு (எடுத்த நினைவகத்தை கேம் திருப்பி விடலைன்னு) சந்தேகப்படலாம். அதையும் எழுதோணும்.

அம்மணி_கன்சோல்:

நோட்டைப் பத்தி அவர் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை. நான் மார்க்குக்கு வர்றேன்.

அந்த நாலு தலைப்புக் கணக்கை இன்னைக்கே நிறுத்திருங்க கண்ணு. கிராஃபிக்ஸ் 9, சவுண்டு 9, கதை 9, கண்ட்ரோல் 4. வகுத்தா 7.75. கண்ட்ரோல் 4 வாங்கின ஆக்‌ஷன் கேமை எவனும் ரெண்டாம் நாள் தொட மாட்டான், உங்க கணக்கு மட்டும் "நல்லா இருக்கு"ன்னு சொல்லும். பசில் கேமுக்குக் கதையே தேவையில்லை, அதுக்கு எதுக்கு 5 போட்டு இழுக்கணும்? எல்லாம் 8க்கு வந்து நிக்கறதுக்குக் காரணமே இதுதான். நாலு எண்ணைக் கூட்டி வகுத்தா ரெண்டு ஓரத்துல இருக்கறதெல்லாம் நடுவுக்கு வந்துரும்.

பெரிய இடங்கள்ல பெரும்பாலும் ஒரே எண்தான். ஐஜிஎன் தளம் பல வருசம் 8.7, 9.1ன்னு தசமம் போட்டுட்டு இருந்துச்சு, 2020 ஜனவரியில அதை விட்டுட்டு முழு எண்ணுக்கு வந்துருச்சு. 8.6க்கும் 8.7க்கும் என்ன வித்தியாசம்னு எழுதினவருக்கே சொல்லத் தெரியாதப்ப அந்தத் தசமம் எதுக்கு? பிரிட்டனோட எட்ஜ் பத்திரிகை 1993ல இருந்து வருது, 10 குடுக்கறது அத்திப் பூத்தாப்பல. அவங்களோட முதல் 10, 1996ல சூப்பர் மரியோ 64க்கு. ஜப்பானோட ஃபாமிட்சு பத்திரிகை வேற வழி. நாலு பேர் தனித்தனியா 10க்குப் போடுவாங்க, கூட்டி 40. முதல் தடவையா முழு 40 வாங்கினது 1998ல வந்த செல்டா, ஒக்கரினா ஆஃப் டைம். நீங்க மூணு பேர் இருக்கறதால எனக்கு ஃபாமிட்சு வழி பிடிக்குது. சராசரி எடுக்காம மூணு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல அச்சுல விடுங்க. 9, 6, 8ன்னு வந்தா, எல்லாருக்கும் ஒத்துப்போகாத கேம்னு பார்த்ததுமே தெரிஞ்சுரும்.

அளவுகோலை எழுத்துல வெச்சு, தளத்துல நிரந்தரமா ஒரு பக்கத்துல போடுங்க. எண்ணுக்கு எதிரே வாக்கியம் இருக்கணும். நான் எழுதினா இப்படி எழுதுவேன்: 10, இந்த வகை பிடிக்காதவங்களும் ஆடிப் பார்க்கணும். 9, இந்த வகை பிடிச்சவங்க முழு விலைக்கு வாங்கலாம். 8, குறை உண்டு, ஆனா ஆடும்போது நினைப்பு அங்க போகாது. 7, பிடிச்ச வகைன்னா சரி, குறை அடிக்கடி கண்ணுல படும். 6, நல்ல பகுதி இருக்கு, அதுக்காகப் பொறுத்துக்கணும். 5, நல்லதும் கெட்டதும் பாதிப் பாதி, விட்டாலும் நட்டமில்லை. 4, ஒரு நல்ல யோசனை இருந்துச்சு, வீணாப் போச்சு. 3, வேலை செய்யுது, அவ்வளவுதான். 2, பெரும்பகுதி உடைஞ்சு கிடக்கு. 1, ஓடலை. இதுல 5ங்கறது நடு. பள்ளிக்கூட மார்க் மாதிரி 35க்குக் கீழ ஃபெயில், 70க்குக் கீழ அசிங்கம்னு நம்ம பழக்கதோசத்துல போட்டா, ஆறு எண் சும்மா கிடக்கும்.

நீங்க காசு போட்டு வாங்கற கேம் மட்டுமே எழுதறீங்கன்னா 7க்கு மேல குவியறதுல தப்பும் இல்லை. நல்லா இருக்கும்னு நெனச்சதைத்தானே வாங்கறீங்க. மாசத்துக்கு ஒண்ணு, யாரும் பேசாத கேமா எடுத்து எழுதுங்க, அளவுகோலோட கீழ்ப்பாதி தானா உயிர் பெறும்.

விலையை மார்க்குக்குள்ள கலக்காதீங்க. 4,999க்கு வந்தது ஆறு மாசத்துல பாதி விலைக்கு வரும். கேம் மாறாது, விலை மாறும். மார்க்குக்குக் கீழே தனியா ஒரு வரி போடுங்க: "முழு விலைக்கு", "தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்", "சந்தாவுல வந்தா பாக்கலாம்". வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு அந்த வரிதான் பதில்.

ஒரு சோதனை: கட்டுரையை முதல்ல எழுதி முடிங்க, எண்ணைக் கடைசியில முடிவு பண்ணுங்க. எண்ணை மறைச்சுட்டு மத்த ரெண்டு பேர்கிட்ட படிக்கக் குடுங்க. அவங்க "இது 6"ன்னு சொல்லி நீங்க 8 வெச்சிருந்தா, எண்ணைத் தொடாதீங்க. முதல்ல எழுத்தைப் பாருங்க. பிடிச்சதைச் சொல்லாம குறையை மட்டுமே எழுதியிருப்பீங்க. எழுத்து சரிதான்னு தோணினா அப்புறம் எண்ணை மாத்துங்க.

ஈரோட்டு_வெயில்:

ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுப்போட்டாங்க. நம்மூரு சித்திரை வெயில்ல கேம் மேல பழி போடறதுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க. பிஎஸ்5 ஓடறதுக்கு சோனி சொல்ற வெப்பம் 5 முதல் 35 டிகிரி. ஈரோடு, கரூர் பக்கம் ஏசி இல்லாத மாடி ரூம்ல மத்தியானம் அதைத் தாண்டிரும்.

ஆனா ஒரு விசயம் தெரிஞ்சுக்கோங்க. ரூம் சூடா இருக்கறதால பிஎஸ்5ல ஃபிரேம் குறையாது. அதை வடிவமைச்ச மார்க் செர்னி 2020 மார்ச்சுல விளக்கினப்பவே சொன்னாரு, அதோட வேகம் வெப்பத்தை வெச்சு மாறறதில்லை, சிப்பு பண்ற வேலையோட அளவை வெச்சுத்தான் மாறும். அதனால மார்கழியில அளந்தாலும் சித்திரையில அளந்தாலும் ஃபிரேம் எண் ஒண்ணாத்தான் வரோணும். சூடு மிஞ்சினா காத்தாடி கத்தும், அப்புறம் எச்சரிக்கை காட்டிட்டு கன்சோலே அணையும். அது கேமோட கிராஷ் இல்லை. கேம் மட்டும் மூடி முகப்புத் திரைக்கு வந்து பிழை எண் காட்டினாத்தான் கேம் கணக்குல எழுதோணும். கரண்டு போய் வந்து சேவ் கெட்டுப்போனதையும் கேம் தலையில கட்டாதீங்க. யுபிஎஸ் இல்லாம விமர்சன வேலையே வேண்டாமுங்க.

டிவி இன்னொரு கேடி. "கண்ட்ரோல் மந்தமா இருக்கு"ன்னு எழுதறதுல பாதி, டிவி கேம் மோடுல இல்லாததால வர்றது. படத்தை மெருகேத்தற வேலையை டிவி பண்றதுக்கு 100 மில்லி நொடி வரைக்கும்கூட எடுத்துக்கும். கேம் மோடைப் போட்டு, ஏற்கெனவே நல்லா தெரிஞ்ச ஒரு கேமை அதே டிவியில ஆடிப் பாருங்க. அதுவும் மந்தம்னா குத்தம் டிவி மேல. எண்ணாவே வேணும்னா செல்போனை 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல வெச்சு, விரலும் திரையும் ஒண்ணாத் தெரியற மாதிரி எடுங்க. பட்டன் அமுங்கினதுல இருந்து ஆள் அசையற வரைக்கும் படத்தை எண்ணி 4.17ஆல பெருக்குங்க. 24 படம்னா 100 மில்லி நொடி. அதுல டிவியோட பங்கும் சேர்ந்திருக்கும், அதனால தனி எண்ணா எழுதாம ரெண்டு கேமை ஒப்பிட்டு எழுதுங்க.

திருப்பூர்_கியூசி:

பக் கணக்குக்கு எங்க ஊரு வழி ஒண்ணு இருக்குதுங்க. பனியன் கம்பெனியில சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஏகியூஎல் 2.5ன்னு (எத்தனை சதவீதம் குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு) மாதிரி எடுத்துப் பாக்கறப்ப குறையை கிரிட்டிகல், மேஜர், மைனர்னு மூணாப் பிரிப்போம். மைனர் கொஞ்சம் இருந்தா பரவால்ல, மேஜருக்கு ஒரு எண்ணிக்கை வரைக்கும் விடுவாங்க, கிரிட்டிகல் ஒண்ணு இருந்தாலும் சரக்கு நிக்கும். கேமுக்கும் அப்படியே வெச்சுக்கோங்க. சேவ் அழியறது, கதை மேல போக முடியாம கதவு திறக்காமப் போறது கிரிட்டிகல். கிராஷ், சண்டை நடுவுல ஃபிரேம் 20க்கு இறங்கறது, வசனம் கேக்காமப் போறது மேஜர். தூரத்து மரம் திடீர்னு முளைக்கறது, முடி சுவத்துக்குள்ள போறது மைனர்.

கிரிட்டிகல் ஒண்ணு நிச்சயமானா மத்தது எவ்வளவு நல்லா இருந்தாலும் 5க்கு மேல போகாதுன்னு மொதல்லயே எழுதி வெச்சிருங்க, பொறகு மனசு இளகாது. மைனரை எண்ணி மார்க் குறைக்காதீங்க. யூடியூப்ல சிரிக்கறதுக்கு ஆகும், ஆட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது.

"நிச்சயம்"ன்னா: பழைய சேவுக்குப் போய் அதே இடத்தை மூணு தடவை ஆடிப் பாக்கோணும், உங்க மூணு பேர்ல இன்னொருத்தர் கன்சோல்லயும் வரோணும். ஒருக்கா மட்டும் வந்துச்சுன்னா "ஒருக்கா வந்துச்சு"ன்னு எழுதுங்க. கிராஷுக்கு எண்ணிக்கையோட மணி நேரமும் வேணும். "4 கிராஷ்"னா ஒண்ணும் புரியாது, "32 மணி நேரத்துல 4"ன்னா புரியும். ஸ்விட்சுல கேப்சர் பட்டனை அழுத்திப் பிடிச்சா கடைசி 30 நொடி சேவ் ஆகும், அதுக்குள்ள அழுத்தோணும். பிஎஸ்5ல கிரியேட் பட்டன்ல 60 நிமிசம் வரைக்கும் பின்னோக்கி எடுக்கலாம், அமைப்புல நீளத்தை மாத்தி வெச்சுக்கோங்க.

பொள்ளாச்சி_பேடு:

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஏகியூஎல் விசயத்தை அப்படியே எடுத்துக்கறோம். இன்னும் ரெண்டு கேள்வி. வெளியீட்டுக்கு முன்னாடி இலவசக் கோடு (ஆன்லைன் கடையில போட்டா கேம் இறங்கற எண்) தர்றேன்னு சொல்றவங்க நிபந்தனை போட்டு ஒரு தாள் அனுப்பறாங்க, அதுல எதுக்கு ஒத்துக்கலாம், எதுக்கு ஒத்துக்கக் கூடாது? எல்லாப் பத்திரிகை மார்க்கையும் சேர்த்து ஒரே எண்ணாக் காட்டற மெட்டாக்ரிட்டிக் தளத்துல போய்ச் சேர்ற மாதிரி மார்க் வெச்சுக்கறது நல்லதுங்களா?

கோவை_60ஃபிரேம்:

ஒத்துக்கலாம்: எந்தத் தேதி, எந்த மணிக்கு முன்னாடி வெளியிடக் கூடாதுங்கறது. எந்தக் கட்டத்துக்கு மேல கதையைச் சொல்லக் கூடாது, எந்தக் காட்சியை வீடியோவுல காட்டக் கூடாதுங்கறது. நேரத்தை மட்டும் கவனமாப் பாருங்க. அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 7 மணின்னு போட்டிருந்தா, அங்க கோடை நேரம் ஓடறப்ப நமக்கு ராத்திரி 7.30, குளிர்காலத்துல 8.30. ஒரு மணி நேரம் முந்திப் போட்டாலும் அடுத்த கோடு வராது. கோடு எந்த நாட்டுக் கடைக்குன்னும் கேளுங்க. பிளேஸ்டேஷன் கடையில அமெரிக்கக் கோடு இந்தியக் கணக்குல ஏறாது.

ஒத்துக்கவே கூடாதது: எழுத்தை முன்னாடியே அனுப்பிக் காட்டோணும், இந்த மார்க்குக்குக் கீழ போட்டா தள்ளி வெளியிடோணும், குறையைச் சொல்லக் கூடாது. இது விமர்சனம் இல்லீங்க, விளம்பரம். வாங்கிக்கோங்க, ஆனா விளம்பரம்னு எழுதிப் போடுங்க.

நடுவுல ஒரு வகை இருக்குது, அதுதான் ஆபத்து. 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077. வெளியீட்டுக்கு முன்னாடி விமர்சகர்களுக்குப் போனது பிசி பதிப்பு மட்டும். வீடியோவுக்குக் கம்பெனி குடுத்த காட்சியத்தான் போடோணும், சொந்தமா எடுத்ததைப் போடக் கூடாதுன்னு நிபந்தனை. மார்க் எல்லாம் பிசியை வெச்சு வந்துச்சு. மெட்டாக்ரிட்டிக்ல பிசிக்கு 86, பிஎஸ்4க்கு 57ன்னு ஆனது பொறகு. அந்த மாசமே சோனி அதைக் கடையில இருந்து எடுத்துருச்சு, 2021 ஜூன்லதான் திரும்பி வந்துச்சு. அப்ப நெறையப் பேரு "பிசியில ஆடினேன்"ன்னு எழுதித்தான் இருந்தாங்க. "கன்சோல் பதிப்பு குடுக்க மாட்டேன்னுட்டாங்க, அதனால கன்சோல்காரங்க பொறுங்க"ன்னு தலைப்புக்குக் கீழயே எழுதியிருந்தா எத்தனையோ பேரு காசு மிஞ்சியிருக்கும். எது குடுக்கலைங்கறதும் செய்திதான்.

இலவசக் கோடுன்னா அதை வெளிப்படையாச் சொல்றது இங்கயும் விதிங்க. விளம்பரத் தரக் கவுன்சில் 2021ல சமூக ஊடகக்காரங்களுக்கு வழிமுறை போட்டுச்சு, 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டி விட்டுச்சு. காசு வாங்கலை, பொருள் மட்டும் வாங்கினேன்னாலும் சொல்லோணும். வீடியோவுக்குக் கீழ விவரப் பகுதியில ஒளிச்சு வெக்காம, ஆரம்பத்துலயே சொல்லுங்க. விளம்பரம் தர்றவரும் மார்க் போடறவரும் ஒரே மேசையில உக்காரக் கூடாதுங்கறதுக்கு 2007ல கேம்ஸ்பாட் தளத்துல நடந்தது உதாரணம். கேன் அண்டு லிஞ்ச் கேமுக்கு 6 போட்டவர் வேலையை விட்டு அனுப்பப்பட்டாரு. தளம் பூரா அதே கேமோட விளம்பரம். மார்க் விசயத்துல வந்த அழுத்தம்தான் காரணம்னு 2012ல அவரே வெளிப்படையாப் பேசினாரு.

மெட்டாக்ரிட்டிக்கைப் பத்தி: அது வெறும் சராசரி இல்லை. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடைன்னு வெச்சிருக்காங்க, அந்த எடையை வெளியில சொல்றதில்லை. 5 நட்சத்திரத்துல 3 போட்டா அங்க 60ன்னு மாறும், எழுத்து கிரேடுல பி மைனஸ் போட்டா 67. கேமுக்கு 75ல இருந்து பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள். சினிமாவுக்கு 61லயே பச்சை வந்துரும். 7 வாங்கின கேமை ஜனங்க மட்டம்னு நெனைக்கறதுல இந்த நிறத்துக்கும் பங்கு உண்டு. மொதல்ல போட்ட மார்க்தான் அங்க நிக்கும், அப்புறம் நீங்க மாத்தினாலும் மாத்த மாட்டாங்க. ஓப்பன்கிரிட்டிக், இதே மாதிரி இன்னொரு தளம், 2015ல வந்தது, எடை போடாம நேர் சராசரி எடுக்குது, எத்தனை சதவீதம் பேர் பரிந்துரைச்சாங்கன்னும் தனியாக் காட்டுது. எனக்கு அந்த ரெண்டாவது எண் உதவுது.

அங்க போய்ச் சேர்றதுக்காக உங்க அளவுகோலை வளைக்காதீங்க. சராசரியை மேல தள்ள 10, கீழ இழுக்க 3ன்னு போட ஆரம்பிச்சா உங்க அம்மணி அக்கா எழுதிக் குடுத்த வாக்கியமெல்லாம் பொய்யாயிரும். அந்த எண் வெறும் விளையாட்டும் இல்லை. 2010ல வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸுக்கு 85 வந்தா போனஸ்னு ஒப்பந்தம், வந்தது 84. அதை உருவாக்கின அப்சிடியன் ஸ்டுடியோவுக்குப் போனஸ் போச்சு.

கரூர்_கதவு:

இவ்வளவு பாடுபட்டு எதுக்குங்க மார்க்? எடுத்துப்போட்டா எல்லாச் சண்டையும் தீர்ந்துச்சு. கோட்டாக்கு தளம் மார்க் போடறதில்லை. பாலிகான் 2018ல விட்டுச்சு. யூரோகேமர் தளம் 2015லயே எண்ணைத் தூக்கிப்போட்டு "அவசியம்", "பரிந்துரை", "தவிர்க்கவும்"னு மூணே முத்திரை வெச்சுச்சு. பேட்ச் வந்து மாசத்துக்கு ஒருக்கா மாறற பொருளுக்கு நிரந்தர எண் எப்படிப் பொருந்தும்? எண் இருந்தா எழுத்தை எவனும் படிக்க மாட்டான்.

அம்மணி_கன்சோல்:

யூரோகேமர் 2023ல 5 நட்சத்திரத்தோட திரும்பி வந்துச்சு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. எண் இல்லாத கட்டுரையை ஏற்கெனவே பழகின வாசகர் படிப்பாங்க. புதுசா வர்றவங்க ரெண்டு கேமுக்கு நடுவுல எதை எடுக்கறதுன்னு நிக்கறாங்க, அவங்களுக்கு எண் ஒரு கைப்பிடி. கைப்பிடியே வேண்டாம்னா மூணு முத்திரை போதும். அதுக்கும் இதே நோட்டு, இதே சோதனை எல்லாம் வேணும். வேலை ஒண்ணும் குறையாது.

எண்ணை விட நம்ம வாசகருக்கு எச்சா உதவறது வேற சில வரிகள். ஆங்கிலம் எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்? பால்டர்ஸ் கேட் 3 மாதிரி பேச்சாலயே நகர்ற கேமுக்கு இதை எழுதலைன்னா துரோகம். எட்டு அடி தள்ளி உக்காந்தா வசன எழுத்து தெரியுதா, பெருசு பண்ண முடியுதா? ஸ்விட்சுன்னா டிவியில ஒருக்கா, கையில வெச்சு ஒருக்கா, ரெண்டையும் தனித்தனியா எழுதணும். டிவியில படிக்கற எழுத்து கைத்திரையில எறும்பாட்டம் ஆயிரும். டவுன்லோடு எத்தனை ஜிபி? வித்துட்டு அடுத்த கேம் வாங்கறவங்க ஊரு இது, டிஸ்க்குல முழு கேம் இருக்கான்னு பாருங்க. 2022ல வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 பிஎஸ்5 டிஸ்க்குல 100 எம்பி கூட இல்லை, மிச்சமெல்லாம் டவுன்லோடு. இணையத்தைத் துண்டிச்சுட்டு டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் பண்ணி, புது ஆட்டம் ஆரம்பிச்சு முதல் ஒரு மணி நேரம் ஓடுதான்னு பார்த்தா விசயம் தெரிஞ்சுரும்.

வாசகர் மார்க்கை உங்க தளத்துல திறந்து விடறதா இருந்தா, வெளியான நிமிசமே திறக்காதீங்க. 2020 ஜூன்ல லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்த அன்னைக்கே, முடிச்சிருக்கவே முடியாத ஆட்கள் ஆயிரக்கணக்கில் பூஜ்யம் போட்டாங்க. விமர்சகர் மார்க் அங்க 93. அதுக்கப்புறம்தான் மெட்டாக்ரிட்டிக் 36 மணி நேரம் பொறுத்து வாசகர் மார்க்கைத் திறக்க ஆரம்பிச்சுது.

பொள்ளாச்சி_பேடு:

மூணு பேரு மார்க்கும் தனித்தனியாப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டோங்க அக்கா. கடைசியா ஒண்ணு: பெரிய பேட்ச் வந்து கேம் நல்லாயிருச்சுன்னா பழைய விமர்சனத்தைத் திருத்தறதுங்களா?

கோவை_60ஃபிரேம்:

பழசை அழிக்காதீங்க. மேல தேதியும் பதிப்பு எண்ணும் போட்டுப் புது குறிப்பு எழுதி, அதே இடங்களை மறுபடி அளந்து, பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்து வெச்சிருங்க. நீங்க மொதல்ல எந்த இடத்துல அளந்தீங்கன்னு நோட்டுல இருந்தாத்தான் இது முடியும். எல்லா கேமுக்கும் திரும்பிப் போக வேண்டியதில்லை. கிரிட்டிகலோ மேஜரோ எழுதியிருந்த கேமுக்குப் போனா போதும்.

ஈரோட்டு_வெயில்:

பழைய பதிப்பையும் புதுப் பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல காட்டோணும்னா டிஸ்க் இருக்கறவங்களுக்கு வழி இருக்குது. கேமை முழுசா நீக்கிப்போட்டு, இணையத்தைத் துண்டிச்சு, டிஸ்க்குல இருந்து மட்டும் போட்டா டிஸ்க்குல அச்சான பதிப்பு ஓடும். புதுப் பதிப்புல போட்ட சேவ் அதுல திறக்காமப் போகலாம், அதனால சேவை மொதல்ல யுஎஸ்பியிலயோ கிளவுட்லயோ பத்திரப்படுத்திக்கோங்க. பிஎஸ்5 கேம் சேவ் யுஎஸ்பிக்குப் போகாது, கிளவுடுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேணும். பிஎஸ்4 கேம்னா யுஎஸ்பி எடுத்துக்கும். டிஜிட்டல்ல வாங்கினதுன்னா பின்னாடி போகவே முடியாது, அப்ப எடுத்து வெச்ச வீடியோதான் கதி. மூணுல ஒருத்தராவது டிஸ்க்கா வாங்குங்க.